சுங்கை சிப்புட் குறிப்புகள்: மாடு, ஆந்தை, மூன்றாம் அத்தியாயம்

வெள்ளி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ரயில் ஈப்போ நிலையம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் குன்றுகள் வரிசைகட்டுகின்றன. பாதி பச்சை, பாதி வெள்ளை. சில குன்றுகளில் ஒரு பக்கத்தையே கல் உடைத்துக் காலி செய்திருக்கிறார்கள். அதன் பிறகு செம்பனை (எண்ணெய்ப் பனை), கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. என் ஆயா (பாட்டி) காலத்தில் இந்தத் தடத்தில் வந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் ரப்பர்க்காடு தெரிந்திருக்கும். இப்போது பால்மரம் பார்க்க வேண்டுமென்றால் விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு மாணவி. தோட்டத் தொழிலாளர்களின் சம்பள ஒப்பந்தங்கள்தான் தலைப்பு. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதில் ஆரம்பித்து, 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்து தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று ஆனது வரைக்கும் எழுத வேண்டும். மூன்றாம் அத்தியாயம் பல வாரமாக நகரவில்லை. நூலகத்தில் உட்கார்ந்தால் ஒப்பந்தத்தில் உள்ள எண்கள் கிடைக்கின்றன. அந்த எண்ணை வைத்து ஒரு குடும்பம் மாதக் கடைசியை எப்படிக் கடந்தது என்பது அங்கே கிடைக்கவில்லை.

மெட்ரிகுலேஷனில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பில்) என்னோடு ஒரே அறையில் இருந்தவள் இப்போது செர்டாங்கில், புத்ரா பல்கலைக்கழகத்தில், செம்பனைத் தோட்டத்து ஆந்தைகளைப் பற்றி ஆய்வு செய்கிறாள். சொந்த ஊர் சுங்கை சிப்புட். “எங்க வீட்டுக்கு வாடி. அஞ்சடியில மேசை போட்டுத் தரேன், உட்கார்ந்து எழுது” என்று கூப்பிட்டாள். அஞ்சடி என்றால் வீட்டு முன் தாழ்வாரம். வந்துவிட்டேன்.

அவள் அப்பா மோட்டார் சைக்கிளில் நிலையத்துக்கு வந்து என்னைக் கூட்டிப் போனார். டவுனைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் செம்மண் ரோடு. அவர் டிராக்டர் ஓட்டுகிறவர். வெட்டிய குலைகளை ஆலைக்கு ஏற்றுவது அவர் வேலை. அன்றைக்கு வெட்டிய குலை அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெய் தரம் இறங்கிவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பாதி வீட்டில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பங்கள் எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான் இருக்கின்றன.

வாசலில் மணி. பழுப்பு நாய், ஒரு காது மடிந்தது. முதலில் குரைத்தது, பிறகு என் செருப்பை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. உள்ளே கறுப்பாயி என்ற பூனை. இந்தப் பக்கத்துப் பூனைகளில் பலவற்றுக்கு இருப்பதைப் போலவே இதற்கும் வால் குட்டை, நுனியில் ஒரு முடிச்சு.

“பசியாறியாச்சா?” என்றார் அம்மா. தோழியின் அம்மாவை நானும் அம்மா என்றே கூப்பிடுகிறேன். நேரம் ராத்திரி ஒன்பது. இந்த வீட்டில் எந்த நேரத்துக்கும் அதே கேள்விதான்.

சனி

விடிவதற்கு முன்பே அம்மாவோடு கிளம்பிவிட்டேன். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சீனருடைய சின்ன ரப்பர் நிலம் இருக்கிறது; அதில் அம்மா பாதிப் பங்குக்கு மரம் வெட்டுகிறார், அதாவது பால் எடுக்கப் பட்டையைச் சீவுகிறார். வெட்டுகிறவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. மரத்துக்கு நோய் வந்தாலும் மழை பெய்தாலும் நஷ்டமும் பாதி.

நெற்றியில் விளக்கு, இடுப்பில் கொசுவர்த்தி, கையில் உளி. முதலில் நேற்றைய வெட்டில் காய்ந்துபோயிருக்கும் ஒட்டுப்பாலை நூலாக இழுத்து எடுத்துப் பையில் போடுகிறார். பிறகு உளியை இடது மேட்டில் வைத்து வலது பள்ளத்துக்கு ஒரே இழுப்பாக இழுக்கிறார். சுருள் சுருளாகப் பட்டை விழுகிறது, தடிமன் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஓடாமல் லேசாகச் சாய்ந்து ஓடுவதால், இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால் நிறையக் குழாய்கள் அறுபடும். அம்மாவிடம் காரணம் கேட்டால், “அப்படி வெட்டினாத்தான் வரும்” என்கிறார். இன்னும் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம் பட்டுவிடும். அந்த இடத்தில் பட்டை புடைத்து முடிச்சு விழுந்து, அடுத்த முறை உளி ஓடாது. “சின்ன வயசுல காயம் போட்டா தண்டல் அந்த இடத்திலேயே நிக்க வச்சு ஏசுவாரு” என்றார். தண்டல் என்றால் வேலையை மேற்பார்க்கிறவர்.

வெட்டு முடிந்த உடனே பால் வருவதில்லை. முதலில் வெள்ளைப் புள்ளிகள் பூக்கின்றன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகி, கோடு மரத்தில் செருகிய தகரத்துக்கு இறங்கி, தகரத்தின் நுனியில் கொஞ்ச நேரம் தொங்கி, மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழுகிறது. விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அதனால்தான் இந்த நேரம். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். இது பிப்ரவரி, மரங்கள் இலை உதிர்க்கிற காலம். தரையெல்லாம் சிவந்த இலை, காலுக்கடியில் நொறுங்குகிறது. பால் குறைவுதான். ஆனாலும் வெட்டாமல் விட முடியாது, வீட்டுச் செலவு நிற்பதில்லையே.

முன்பு தோட்டத்தில் மதியத்துக்குள் பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கிப் போக வேண்டும். இப்போது சிறு நிலக்காரர்களில் பலரும் மங்கிலேயே உறைய விட்டுக் கட்டிப்பாலாக விற்கிறார்கள். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மோட்டாரில் மூட்டை போகும்போது ரோட்டில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். அம்மா அந்த மூட்டையில் கையை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிறார். தோழியின் செர்டாங் அறை வாடகையில் ஒரு பங்கு அந்த மூட்டையிலிருந்து வருகிறது.

பகலில் அஞ்சடி மேசையில் உட்கார்ந்தேன். கறுப்பாயி ஒப்பந்த நகலின் மேல் ஏறிப் படுத்தது. எடுத்து விட்டேன், திரும்ப வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டுக்குட்டியோடு வந்து, “அக்கா, இதுக்குப் பேரு வைங்க” என்றான். வைத்தேன். பின் மதியம் வங்காளதேசத்து அண்ணன் ஒருவர் வந்து தம் கோழி இந்தப் பக்கம் வந்ததா என்று மலாயில் கேட்டார். அம்மா மலாயில் பதில் சொன்னார். இருவரும் சேர்ந்து கோழியைத் தேடினார்கள். நானும் போனேன். சாயங்காலம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை. தோழி வாங்கிக் கொடுத்த அப்பம் பாலிக் என்ற இனிப்பு அப்பத்தைத் தின்றுகொண்டே அவளுடைய பள்ளிக்கூடக் கதைகளை எல்லாம் கேட்டேன்.

அத்தியாயத்தில் ஒரு பத்தி கூடவில்லை. ஆனால் இந்த லயத்தில் எந்த வீட்டில் எத்தனை கோழி, எத்தனை ஆடு, யார் வீட்டுப் பின்னால் மரவள்ளி, யார் வீட்டில் கத்தரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரி அதையெல்லாம் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

ஞாயிறு

இன்றைய குறிப்பு நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றோரத்தில் ஒரு தாத்தா மாடு வைத்திருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. அவருடைய மகள் இந்த லயத்தில் இருக்கிறார், அதனால் இங்கே வந்தவர். காலையில் தோழி என்னை அங்கே அழைத்துப் போனபோது கறவை ஆரம்பமாகியிருந்தது.

கன்றை அவிழ்த்து விட்டார். அது ஓடி வந்து மடியில் முட்டி முட்டிக் குடித்தது. பால் இறங்கியது தெரிந்ததும் கன்றைப் பிடித்து, தாயின் முன்காலுக்குப் பக்கத்தில், தாய் நக்கிக் கொடுக்கும் தூரத்தில் கட்டினார். பிறகு மடியைக் கழுவி, விரலில் துளி எண்ணெய் தடவி, முழங்காலுக்கு நடுவில் வாளியை வைத்துக்கொண்டார். முதல் பீய்ச்சல் வாளியின் அடியில் பட்டு ‘சொர்’ என்று கேட்கிறது. பால் ஏற ஏற அந்தச் சத்தம் தடித்துப்போகிறது. இரண்டு காம்பு முடிந்து அடுத்த இரண்டுக்குப் போகும்போது நிறுத்தி மாட்டோடு ஏதோ பேசினார். லெட்சுமி என்று பேர். “இவ தாயும் லெட்சுமிதான்” என்றார். நுரை அடங்கும் வரைக்கும் காத்திருந்துதான் போத்தலில் ஊற்றினார். நுரையோடு அளந்தால் வாங்குகிறவருக்குக் குறையும்.

அந்த மாடுகள் உயரமில்லை. கழுத்துக்குப் பின்னால் சின்னத் திமில், சாம்பல் வெள்ளை நிறம். நம்மவர்கள் கப்பலேறி வந்த காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வம்சம் இது. மலேசியக் கால்நடைத் துறையினர் இதற்கு ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என்றே தனி இனப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு பிரீசியனையும் சாஹிவாலையும் கலந்து மாஃப்ரிவால் என்ற இனத்தை அரசாங்கம் உருவாக்கியது. அது நிறையப் பால் கொடுக்கும். ஆனால் அதற்குத் தீனியும் கவனிப்பும் வேண்டும். லயத்து மாட்டுக்கு ரோட்டோரப் புல் போதும். எட்டு மணி நேர வேலைக்குப் போய்வரும் குடும்பத்தால் அதைத்தான் வளர்க்க முடிந்தது.

தாத்தா தம் முதல் மாட்டை வாங்கிய கதையைச் சொன்னார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை, வைத்திருந்தவர்களில் பெர்மிட் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இவருடைய லயத்திலிருந்தும் ஒரு குடும்பம் கிளம்பியது. அந்த வீட்டுக்காரர் ராத்திரி வந்து, “தம்பி, மாட்ட சீனன்கிட்ட அடிமாட்டுக்குக் குடுக்க மனசில்ல. நீ வச்சுக்க, முடிஞ்சப்போ காசு குடு” என்று கயிற்றைக் கையில் கொடுத்தாராம். அவர் கப்பலேறும் முன்பே, பால்மரத்தில் வந்த அட்வான்சோடு கொஞ்சம் கடனும் வாங்கி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டதாகத் தாத்தா சொன்னார். சொல்லிவிட்டு, “கடனோட அனுப்பக்கூடாது இல்லையா?” என்று என்னைக் கேட்டார்.

அந்த ஒரு மாடு பதினொன்றானது. கிராணி (தோட்ட எழுத்தர்) வீடு, ஸ்டாஃப் வீடுகள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வீடு, கோயில், டவுனில் இரண்டு காப்பிக்கடை என்று எல்லா இடத்துக்கும் பால் போனது. தைப்பூசம் வந்தால் பால்குடம் எடுப்பவர்கள் ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்துவிடுவார்கள். பாட்டி உயிரோடு இருந்தவரைக்கும் கணக்கு பாட்டி கையில்தான்.

“கணக்கு இன்னும் இருக்கா தாத்தா?” என்று கேட்டேன். மகளைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வரச் சொன்னார்.

டின் நிறைய 555 புத்தகங்கள். மலேசியாவில் மளிகைக் கடையில் கடன் எழுதி வளர்ந்த எவருக்கும் அந்தச் சின்னப் புத்தகம் தெரியும். பாட்டி தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவராம். ‘கிராணி 2 போ’, ‘டீச்சர் 1’, ‘கோயில் 4 காசு இல்ல’. போ என்றால் போத்தல். காசு இல்ல என்றால் கோயிலுக்குச் சும்மா கொடுத்தது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மொத்தம். சில பக்கங்களில் மொத்தத்துக்குப் பக்கத்தில் ‘பீஸ்’, ‘சப்பாத்து’ (காலணி), ‘பஸ்’ என்று எழுதியிருக்கிறது. அது மகள் இடைநிலைப் பள்ளிக்கு டவுனுக்குப் போய்வந்த செலவு.

அதே டின்னில் 1980களின் சம்பளச் சீட்டுகளும் சில இருந்தன. ஒரே மாதத்தின் சீட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த மாதம் மழை அதிகம்போல, தாத்தா மரம் வெட்டிய நாட்கள் குறைவு. பால் வரவு அவருடைய சம்பளத்தில் பாதியைத் தாண்டியிருந்தது.

என் கை கொஞ்ச நேரம் ஓடவில்லை. சம்பள ஒப்பந்தங்களை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். ரப்பர் விலை ஏறினால் எவ்வளவு, இறங்கினால் எவ்வளவு, மழை நாளுக்கு என்ன என்று எல்லாம் அதில் இருக்கிறது. இந்தப் பாதி அதில் எங்கேயும் இல்லை. இருக்க நியாயமும் இல்லை, மாடு முதலாளி கொடுத்ததல்ல. ஆனால் சம்பளத்தை மட்டும் வைத்துத் தோட்டத்துக் குடும்பத்தின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்தப் பாதியை இல்லாததாகவே எழுதிவிடுகிறார்கள். அந்தப் பாதியைச் சம்பாதித்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் என்பதும் அதோடு காணாமல் போகிறது.

தாத்தா வேலை செய்த அந்தத் தோட்டம் 1990களில் வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கப்பட்டது. வேலை இழந்தவர்களுக்குச் சட்டப்படி நஷ்டஈடு உண்டு. 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடத்துக்குப் பத்து நாள் சம்பளம். ஐந்து வருடத்துக்குக் குறைந்ததற்குப் பதினைந்து நாள். அதற்கு மேல் இருபது நாள். தாத்தாவுக்கு முப்பத்தொரு வருடம். இருபதை முப்பத்தொன்றால் பெருக்கினால் 620 நாள் சம்பளம். அது கைக்கு வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன் என்கிறார். பதினொரு மாட்டுக்கும் கொட்டகைக்கும், இருபது வருடம் சாணி போட்டு வளர்த்த புல்லுக்கும் கணக்கே கிடையாது. சட்டத்தில் அப்படி ஓர் இனம் இல்லை. கொடுத்த ஃபிளாட்டில் மாடு கட்ட இடமில்லை. மாடுகளை ஒரே வாரத்தில் விற்க வேண்டியிருந்ததால் வாங்கியவர் சொன்னதுதான் விலை. இரண்டு பசுவை மட்டும் விற்காமல் மகள் வீட்டுப் பக்கம் நடத்தியே கொண்டு வந்திருக்கிறார். லெட்சுமி அதில் ஒன்றின் பேத்தி.

கிளம்பும்போது ஒரு போத்தல் பாலைக் கையில் கொடுத்தார். காசை நீட்டினேன். “விருந்தாளிகிட்ட வாங்குறதில்ல தங்கச்சி” என்றார்.

திங்கள்

தோழியின் நாள். சாயங்காலம் அவளோடு ஆந்தைப் பெட்டிகளைப் பார்க்கப் போனேன். செம்பனை வரிசைக்கு நடுவே ஒரு கம்பம், அதன் உச்சியில் மரப்பெட்டி. ரப்பர்க்காட்டிலாவது அங்கங்கே பொந்து மரம் இருக்கும். செம்பனையில் ஆந்தை முட்டையிடப் பொந்து கிடையாது, அதனால் பெட்டி. பழத்தைத் தின்னும் எலியைப் பிடிக்க இந்த ஆந்தையை வளர்ப்பது 1980களிலிருந்து மலேசியத் தோட்டங்களில் பரவிய முறை. எலி விஷத்தைக் கண்டபடி வைத்தால் விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகிறது. எந்த விஷத்தை, எப்போது நிறுத்தினால் ஆந்தை திரும்புகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

பெட்டிக்கு அடியில் கறுத்த உருண்டைகள் கிடந்தன. ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டி வாய் வழியாகத் துப்பிவிடுகிறது. தோழி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து இடுக்கியால் பிரித்துக் காட்டினாள். சின்னதாக ஒரு தாடையெலும்பு, அதில் மஞ்சள் பல் இரண்டு. அந்தத் தாடையைப் பார்த்தே எந்த எலி என்று சொல்கிறாள். படிப்பில் இவ்வளவு கூர்மையான கண் உள்ளவளை எனக்குத் தோழியாகத் தெரியும் என்பதில் பெருமையாக இருந்தது. அதை அவளிடமும் சொன்னேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று வளர்ந்தவர். உருண்டை டப்பாக்களை வீட்டுக்குள் வைக்க விடவில்லை, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். “சாமி மேடைக்கு நேரா மட்டும் வைக்காத” என்பது கடைசி உடன்பாடு. இந்த விஷயத்தில் நான் இரண்டு பேர் பக்கமும் இருக்கிறேன். மகளுக்கு ஆந்தை படிப்பு, அம்மாவுக்கு வீடு. அம்மா டப்பாவை ஒரு நாளும் தூக்கி எறிந்ததில்லை.

வரும் வழியில் ஒரு பழைய செம்பனையின் பூவைக் காட்டினாள். அதில் எறும்பை விடச் சின்ன வண்டுகள் மொய்த்திருந்தன. 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். அதற்கு முன்பு தோட்டங்களில் ஆள் வைத்து, மகரந்தப் பொடியைக் கையால் தூவித்தான் காய்க்க வைத்தார்கள். வண்டு வந்ததும் அந்த வேலை போனது. அந்த வேலை செய்தவர்கள் அதன்பின் எங்கே போனார்கள் என்று நான் கேட்டேன். “அது உன் அத்தியாயம்” என்றாள்.

செவ்வாய்

குவாலா கங்சார். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலிக்குள் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பதை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்த ஒன்பதில் எஞ்சியிருப்பது இது. அடிமரம் பருத்துப் புடைத்திருக்கிறது. அம்மா கை எட்டும் தூரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுல உளி வைக்கவே இடமில்ல” என்றார். வெயில் அதிகம். லக்சா சாப்பிட்டுத் திரும்பிவிட்டோம்.

வரும்போது சுங்கை சிப்புட் டவுனில் மகாத்மா காந்தி கலாசாலை. 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த தமிழ்ப்பள்ளி. இந்த ஊரில் பிறந்தவரும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தவருமான துன் சம்பந்தன்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளர்களே கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டித் தோட்டத்தை வாங்கலாம் என்று காட்டிய சங்கம் அது. 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், இரண்டொரு நாளில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சுங்கை சிப்புட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். அவரவர் பத்து வெள்ளி, இருபது வெள்ளியாகச் சேர்த்து நிலம் வாங்கிய கதையையும் அதே அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது என்று இனிக் கேட்கப்போகிறேன். சம்பளச் சீட்டிலிருந்து மட்டும் வந்திருக்காது.

புதன்

காலையில் பேராசிரியருக்கு ஃபோன் போட்டு 555 புத்தகங்களைப் பற்றிச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். “ஒரு வீட்டுக் கணக்கை வச்சு அத்தியாயம் எழுத முடியாதும்மா. அது ஒரு குடும்பத்தோட கதை. வேற வேற தோட்டத்துல இருந்து பத்து வீட்டுக் கணக்கு கொண்டு வா, அப்போ பேசலாம்” என்றார். நியாயமான பேச்சு. மறுக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

தோழி விடவில்லை. “ஆதாரத்தப் பத்திரமா வைக்காம பத்து வீடு எங்க தேடுவ?” என்று கேட்டாள். மதியம் முழுக்கத் தாத்தா வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தோம். அவள் பக்கத்தை அழுத்திப் பிடித்தாள், நான் கைப்பேசியைப் பிடித்தேன். எலும்பு பொறுக்குகிற அதே நிதானத்தோடு ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டாள். ஒட்டிப்போன தாள்களைத் தாத்தா மகள் தலைமுடி ஊசியால் மெல்லப் பிரித்துக் கொடுத்தார். மணி கூடவே வந்து லெட்சுமியின் கன்றைப் பார்த்துப் பார்த்துக் குரைத்தது. படம் எடுத்து முடித்ததும் டின்னைத் தாத்தாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். பல்கலைக்கழகம் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்று நான் சொன்னதற்கு, “என் பேரப்பிள்ளைங்க பாக்கணும்” என்றார். அதுவே சரி.

நாளைக் காலை ரயில். அதற்கு முன்னால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், லயத்தில், தோட்டத்தில் மாடோ ஆடோ வைத்திருந்தீர்களா? எத்தனை, எங்கே கட்டினீர்கள், பால் யார் யாருக்குப் போனது, கணக்கு யார் எழுதினார்கள், எந்த வருடம், எதனால் விற்றீர்கள்? பாட்டியின் பெட்டியில், சாமி மேடைக்குக் கீழே, பழைய பிஸ்கட் டின்னில் தேடிப் பாருங்கள். 555 புத்தகமோ சம்பளச் சீட்டோ கிடைத்தால் அசலை யாருக்கும் கொடுக்க வேண்டாம், எனக்கும் வேண்டாம். பக்கங்களைப் படம் எடுத்து, மற்றவர்கள் பெயரை மறைத்து, தோட்டம் எந்த மாநிலம் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். கடன் வாங்கியவர்களின் பெயர் அதில் இருக்கலாம், அவர்கள் பிள்ளைகள் இன்னும் அதே ஊரில் இருக்கலாம். இன்னும் ஒன்பது வீடு வேண்டும்.